இங்கிலீஷ் பழமொழிகளின் யோக்கியதை

நமது பத்திரிகையில் வாரந்தோறும் ஒரு மூலையை ஒதுக்கி, பழைய இங்கிலீஷ் பழமொழிகளைத் தமிழில் பெயர்த்துப் போட்டுவந்தால் வாலிபர்களுக்கு நல்லொழுக்கம் உண்டாகுமென்றும், எந்நேரமும் கண்டனமே எழுதிக்கொண்டிருப்பதைவிட இப்படிப்பட்ட ஆக்க வேலையும் நாம் சிறிது செய்யலாமென்றும், புதுவைத் தோழர்கள் சிலர் நமக்குச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனுவானாலும் மகானானாலும், சொன்னவர் யார் என்று பாராமல் சொன்ன சங்கதி என்ன என்று பார்க்கவேண்டுமென்று ஊருக்கெல்லாம் சொல்லி வருகிற நாம், இங்கிலீஷ்காரன் சொன்னான் என்பதற்காக மட்டும் ஒன்றைச் சோதியாமல் அச்சில் ஏற்றலாமா? ஆகவே மூலையை ஒதுக்குவதற்கு முன் அந்தப் பழமொழிகளின் யோக்கியதையைச் சற்று விசாரிப்போம்.

இன்று புதுவையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாலும் சுவரில் நாலு இங்கிலீஷ் பழமொழி எழுதியிருக்கிறது. காலையில் கைபேசியைத் திறந்தால் பூப்படம் ஒன்று, அதன்கீழ் ஒரு பொன்மொழி. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு பிரஞ்சுக்காரர் சம்பந்தப்பட்டிருந்த ஊரில் இங்கிலீஷ் வாக்கியத்திற்கு வந்திருக்கிற மரியாதையைப் பாருங்கள்! தமிழில் பாட்டி சொன்னால் "பத்தாம்பசலி" என்று சிரிக்கிற வாலிபர், அதே சங்கதியை இங்கிலீஷில் படித்தால் அறிவு என்று தலையாட்டுகிறார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ரோமாபுரி ஒரே நாளில் கட்டப்பட்டதல்ல என்பதை இங்கிலீஷ் பழமொழி என்றே நம்மவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது 12-ம் நூற்றாண்டிலேயே பிரஞ்சு தேசத்தில் வழங்கிவந்த பழமொழி. பிற்காலத்தில்தான் அது இங்கிலீஷுக்குப் போயிற்று. 1546-ம் வருஷத்தில் ஜான் ஹேவுட் என்பவர் இங்கிலீஷ் பழமொழிகளைச் சேர்த்து அச்சிட்டார். அப்படிச் சேர்ந்தவற்றில் பெரும்பகுதி கிரேக்கரிடமும், லத்தீன்காரரிடமும், பைபிளிலும், பிரஞ்சுக்காரரிடமும் கடன் வாங்கியவை. கடன் வாங்கியது குற்றமென்று நாம் சொல்லவில்லை. அறிவுக்குத் தேசமுமில்லை, ஜாதியுமில்லை. "இங்கிலீஷ் ஞானம்" என்று தனியாக ஒன்றை எடுத்து வைத்துக் கற்பூரம் காட்டுவதற்கு இடமில்லை என்பதைத்தான் சொல்லுகிறோம்.

நமது பழமொழிகளும் வெள்ளைக்காரர் கண்ணுக்குத் தப்பவில்லை. யாழ்ப்பாணத்தில் பாதிரியாராயிருந்த பீட்டர் பெர்சிவல் 1842-லேயே தமிழ்ப் பழமொழிகளை இங்கிலீஷ் மொழிபெயர்ப்புடன் அச்சிட்டார். 1874-ல் வந்த அவருடைய புத்தகத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் அடங்கியிருந்தன. 1897-ல் டென்மார்க் தேசத்துப் பாதிரியார் ஹெர்மன் யென்சன் அவற்றை விஷயவாரியாகப் பிரித்து வேறொரு தொகுதி வெளியிட்டார். மதப் பிரசாரத்திற்கு வந்தவர்களுக்குப் பழமொழியில் ஏன் இவ்வளவு அக்கறை? பிரசங்கத்தில் ஆதாரம் காட்டினால் ஜனங்கள் எதிர்க்கேள்வி கேட்பார்கள். பழமொழியைப் போட்டால் வாயை மூடிக்கொள்ளுவார்கள். இது நமது புராணிகர்களுக்கும் நன்றாய்த் தெரிந்த தொழில் ரகசியம்.

ஆனால் பழமொழி ஒரு ஆதாரமாகுமா? "பதறாத காரியம் சிதறாது" என்கிறது ஒரு பழமொழி. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்கிறது மற்றொன்று. இங்கிலீஷ்காரனும் அப்படியே. குதிக்குமுன் பார் என்று ஒரு வாயாலும், தயங்கினவன் கெட்டான் என்று மறு வாயாலும் சொல்லுகிறான். பல கை சேர்ந்தால் வேலை லேசு என்றும் சொல்லுகிறான். சமையல்காரர் அதிகமானால் குழம்பு கெட்டுப்போகும் என்றும் சொல்லுகிறான். ஆகவே பழமொழி என்பது நியாயாதிபதியல்ல, வக்கீல்தான். எந்தக் கட்சிக்காரன் கூப்பிட்டாலும் போய்ப் பேசும். வக்கீல் பேச்சைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நமது புத்தியைக்கொண்டு நாமேதான் சொல்லவேண்டும்.

அப்படித் தீர்ப்புச் சொல்ல ஒரு அளவுகோல் வேண்டுமல்லவா? அதையும் ஒரு இங்கிலீஷ் பழமொழியே கொடுக்கிறது. செருப்பு எங்கே கடிக்கிறதென்பது போட்டுக்கொண்டவனுக்குத்தான் தெரியும் என்பது அது. பழைய ரோமாபுரியில் மனைவியை விலக்கிய ஒருவனை நண்பர்கள் கண்டித்தபோது, அவன் தன் செருப்பைக் காட்டி, இது அழகாய்த்தான் இருக்கிறது, எங்கே கடிக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டானாம். அவன் செய்தது நியாயமா என்பது வேறு. அந்த மனைவியையும் அல்லவா கேட்கவேண்டும்? ஆனால் கேள்வி நல்ல கேள்வி. எந்த நீதிமொழியானாலும், அது யார் காலில் கடிக்கிறதென்று முதலில் பார்க்கவேண்டும்.

செருப்பைப் பற்றிப் பேசும்போது புதுவைக்காரர்கள் மறக்கக்கூடாத சம்பவம் ஒன்றுண்டு. 1873-ம் வருஷத்தில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு இவ்வூர்க் கோர்ட்டுக்குப் போனார். சுதேசி வக்கீல் பூட்ஸ் காலோடு நிற்பதாவது என்று அவரைத் தடுத்தார்கள். "ஊரோடு ஒத்து வாழ்" என்று அன்று எத்தனை பெரியவர்கள் அவருக்குப் புத்தி சொல்லியிருக்கக் கூடுமென்று நாம் யோசித்துப் பார்க்கலாம். இங்கிலீஷிலும் அதற்கு ஜோடியுண்டு: ரோமாபுரியில் இருக்கும்போது ரோமாபுரியார் செய்வதுபோல் செய் என்பது. இந்த நீதியின்படி பார்த்தால், பிரஞ்சுக் கோர்ட்டில் பிரஞ்சுக்காரன் போடுவதுபோல் பூட்ஸ் போட்டவர்தானே ஒழுங்காக நடந்துகொண்டவர்? ஆனால் ஆளுகிறவனுடைய பழமொழி ஆளப்படுகிறவனுக்கு உதவிக்கு வராது. பொன்னுத்தம்பிப் பிள்ளை பழமொழியை நம்பி உட்கார்ந்துவிடாமல் வழக்கைப் பாரிஸ் பட்டணத்து உயர்ந்த கோர்ட்டு வரையில் கொண்டுபோய் ஜெயித்தார். சுயமரியாதை என்ற வார்த்தை இயக்கமாக வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னமே இவ்வூரில் ஒருவர் அதைக் காலில் அணிந்து காட்டினார்.

இனி, செம்மான் தன் அச்சுக்கட்டையோடு நிற்கட்டும் என்று இங்கிலீஷில் ஒரு பழமொழி இருக்கிறது. பழைய கிரேக்க ஓவியன் ஒருவனைப் பற்றிய கதையிலிருந்து வந்தது. படத்திலுள்ள செருப்பில் குறை சொன்ன செம்மானின் வார்த்தையைக் கேட்டுத் திருத்திக்கொண்ட ஓவியன், அவன் காலைப் பற்றியும் குறை சொன்னவுடன், செருப்புக்கு மேல் போகாதே என்றானாம். தெரியாத விஷயத்தில் தலையிடாதே என்ற அளவில் இதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் இந்த நாட்டு மண்ணில் அதைப் போட்டால் என்ன முளைக்கும்? செம்மான் மகன் செம்மானாகவே இருக்கவேண்டும் என்பதுதான் முளைக்கும். 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ஆச்சாரியார் மந்திரிசபை, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்கவேண்டுமென்று திட்டம் கொண்டுவந்ததே, அது இந்தப் பழமொழிக்குச் சட்டச் சொக்காய் மாட்டியதுதானே? அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சொல்லிப் பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954-ல் ஆச்சாரியார் போய்க் காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். அது நிலைத்திருந்தால் இன்று டாக்டராகவும் எஞ்சினீயராகவும் இருக்கிற எத்தனையோ பேர் அச்சுக்கட்டையோடு நின்றிருப்பார்கள்.

பெண்கள் விஷயத்திற்கு வருவோம். "பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியும்?" என்று நமது வீடுகளில் கேட்கிறார்கள். சீட்டியடிக்கிற பெண்ணும் கூவுகிற பெட்டைக் கோழியும் கடவுளுக்கும் ஆகாது, மனுஷனுக்கும் ஆகாது என்று இங்கிலீஷ்காரன் சொல்லுகிறான். பெண்ணையும், நாயையும், வாதுமை மரத்தையும் அடிக்க அடிக்க நல்லதாகும் என்று அவர்களுக்கு இன்னொரு பழமொழியும் உண்டு. இரண்டு தேசத்தாரும் வெகு தூரத்தில் இருந்துகொண்டு ஒரே கருத்தைச் சொல்லியிருப்பதால், இது உலகத்திற்கே பொதுவான உண்மையல்லவா என்று வைதீகர்கள் கேட்கலாம். நாம் சொல்லுகிற காரணம் சுலபமானது. இரண்டு தேசத்திலும் இந்தப் பழமொழிகளை உண்டாக்கியவன் ஆண்பிள்ளை. அதற்கு மேல் அதில் ரகசியமொன்றுமில்லை. அன்றியும், சேவல் கூவினாலும் கூவாவிட்டாலும் பொழுது விடியத்தான் செய்கிறது!

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாடு, பெண்களுக்கு ஆண்களைப்போல் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோது, பழமொழி தெரிந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். தமிழ்நாட்டில் அது 1989-ல் சட்டமாயிற்று. இந்தியா முழுமைக்கும் 2005-ல் சட்டமாயிற்று. பழமொழியை நம்பியிருந்தால் இது வந்திருக்குமா?

பிள்ளைகளை அடிக்கும் நீதியும் இப்படித்தான். பிரம்பை விட்டால் பிள்ளை கெடும் என்று அவன் சொன்னான்; "அடியாத மாடு படியாது" என்று நாம் சொன்னோம். நாம் பிள்ளையை மாடென்றே சொல்லிவிட்டோம், அவனாவது அந்த மட்டில் பிள்ளையென்று சொன்னான். ஆனால் இங்கிலீஷ்காரர்கள் 1986-ல் தங்கள் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் பிரம்படி கூடாதென்று சட்டம் செய்துவிட்டார்கள். இந்தியாவிலும் 2009-ம் வருஷத்திய கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடுக்கிறது. பழமொழிக்குச் சொந்தக்காரனே அதைக் குப்பையில் போட்டபிறகு, நாம் ஏன் அதைப் பொறுக்கியெடுத்துச் சுவரில் எழுதவேண்டும்?

நிற்க, சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுந்தால் ஆரோக்கியமும் செல்வமும் அறிவும் வரும் என்பது எல்லாவற்றிலும் பிரசித்தமான பழமொழி. 17-ம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் அச்சில் வந்தது. பிறகு அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தமது பஞ்சாங்கத்தில் போட்டு உலகமெங்கும் பரப்பினார். சீக்கிரம் எழுவது தேகத்திற்கு நல்லதென்றால் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் செல்வம் வருமா? புதுவை ஆலைத் தொழிலாளியைப்போல் சீக்கிரம் எழுந்தவன் யார்? சங்கு ஊதுவதற்கு முன் எழுந்து, சுற்றுக் கிராமங்களிலிருந்து இருட்டில் நடந்துவந்து, பொழுது சாயும்வரை தறியில் நின்றானே, அவனுக்குச் செல்வம் வந்ததா? எட்டுமணி நேர வேலை வேண்டுமென்று கேட்டபோது வந்தது துப்பாக்கிக் குண்டு. 1936 ஜூலை 30-ந் தேதி சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரஞ்சுச் சிப்பாய்கள் சுட்டதில் 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். அதற்கு முந்திய மாதத்தில்தான் பாரிஸ் பட்டணத்தில் லியோன் பிளூம் மந்திரிசபை பிரஞ்சுத் தொழிலாளிக்கு வாரத்திற்கு நாற்பது மணி வேலை என்று சட்டம் செய்திருந்தது! சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பொன்மொழியைச் சர்க்கார் கட்டடங்களில் எழுதி வைத்தவர்களுடைய சகோதரத்துவம் கப்பலேறி இந்தக் கரைக்கு வருவதற்குள் துப்பாக்கியாய் மாறிவிட்டது. கடைசியில் 1937-ல் எட்டுமணி வேலைச் சட்டம் இவ்வூருக்கும் வந்தது. அது சீக்கிரம் எழுந்ததால் வந்ததல்ல. சேர்ந்து எழுந்ததால் வந்தது.

இன்னொன்று: சுத்தம் கடவுள் பக்திக்கு அடுத்தபடி என்பது. ஜான் வெஸ்லி பாதிரியார் 18-ம் நூற்றாண்டில் தமது பிரசங்கத்தில் எடுத்தாண்டது. சுத்தம் வேண்டாமென்று யார் சொல்லுவார்? ஆனால் இந்த நாட்டில் அந்தப் பழமொழி தலைகீழாய் நிற்கிறது. அசுத்தம் செய்கிறவன் சுத்தமானவன். அதை வாரிச் சுத்தம் செய்கிறவன் தீண்டத்தகாதவன். மனிதன் கையால் மலம் அள்ளக்கூடாதென்று 1993-ல் ஒரு சட்டமும், அது போதாதென்று 2013-ல் இன்னொரு சட்டமும் செய்யவேண்டியிருந்தது. அதன் பிறகும் சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்கிச் சாகவிடும் சேதி பத்திரிகைகளில் வந்துகொண்டிருக்கிறது. சுத்தத்தைக் கடவுளுக்குப் பக்கத்தில் வைப்பதை விட்டு, சுத்தம் செய்கிற மனிதனை நம் பக்கத்தில் உட்காரவைத்தால் அதுவே பெரிய ஒழுக்கமாகும்.

கடவுள் என்றவுடன் நினைவுக்கு வருகிறது. தனக்குத் தானே உதவி செய்துகொள்ளுகிறவனுக்குக் கடவுள் உதவி செய்கிறார் என்ற வாக்கியம் பைபிளில் இருப்பதாகப் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பைபிளில் எங்கும் அது இல்லை. சேற்றில் அழுந்திய வண்டியைத் தள்ளாமல் தெய்வத்தைக் கூப்பிட்ட வண்டிக்காரனைப் பற்றிய ஈசாப்பு கதையின் கருத்து அது. நம்மைக் கேட்டால், தானே உதவி செய்துகொள்ளுகிறவனுக்குப் பிறகு கடவுள் எதற்கு என்று கேட்போம். இந்த விஷயத்தில் நமது பழமொழி அதைவிடச் சிலாக்கியமானது. "தன் கையே தனக்கு உதவி" என்பதில் கடவுளுக்குப் பங்கே வைக்கவில்லை. தமிழன் என்பதற்காக நாம் இதை மெச்சவில்லை. உண்மையாயிருப்பதற்காக மெச்சுகிறோம். அதே தமிழில் "தலையெழுத்தை அழித்து எழுத முடியுமா" என்பதும் இருக்கிறதே! ஜாதியின் பெயரைச் சொல்லி மனிதனை இழிவுபடுத்தும் பழமொழிகள் பெர்சிவல் புத்தகத்திலும் யென்சன் புத்தகத்திலும் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை இங்கே எடுத்து எழுத நமக்கு வெட்கமாயிருக்கிறது. அவை நமது பாட்டன்மார் வாயிலிருந்து வந்தவைதான். பாட்டன் சொன்னான் என்பதற்காகப் பேரன் அதைச் சுமக்கவேண்டுமா?

அப்படியானால் இங்கிலீஷ்காரனிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லையா என்று கேட்கலாம். நிச்சயமாய் இருக்கிறது. யோக்கியமாய் நடப்பதே சிறந்த தந்திரம் என்ற பழமொழி அவர்களுடையது. அதைப் பற்றி அவர்கள் மதகுருவாகிய ரிச்சர்ட் வேட்லி என்பவரே, அந்தப் பழமொழிக்காக யோக்கியனாய் இருப்பவன் யோக்கியனல்ல என்ற கருத்தைச் சொன்னார். லாபத்திற்காக யோக்கியனாயிருப்பவன் நஷ்டம் வரும்போது என்ன செய்வான் என்பதுதான் இதன் பொருள். தங்கள் பழமொழியையே இப்படி உரைத்துப் பார்க்கிற இந்தக் குணம் நமக்கு வேண்டும்.

1381-ல் இங்கிலாந்தில் குடியானவர்கள் கலகம் செய்தபோது ஜான் பால் என்ற ஏழைப் பாதிரியார், ஆதாம் மண்ணைக் கொத்தி ஏவாள் நூல் நூற்ற காலத்தில் பிரபு என்று எவன் இருந்தான் என்று ஜனங்களைக் கேட்டார். அதற்காக அவரைக் கொன்று உடலைத் துண்டுதுண்டாக்கினார்கள். ஆதாமிலும் ஏவாளிலும் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் கேள்வியில் நம்பிக்கையுண்டு. முகத்தில் பிறந்தவன் யார், காலில் பிறந்தவன் யார் என்று நாம் இங்கே கேட்கிற கேள்வியும் அதுதான். ஆனால் பள்ளிக்கூடச் சுவரில் இது இல்லை. அடங்கியிரு, பொறுத்திரு, உள்ளதே போதும் என்பவைதான் இருக்கின்றன. சுவரில் எழுதுவதற்குப் பழமொழியைப் பொறுக்குகிறவன் யாரென்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

பஞ்சாங்கம் போட்ட பிராங்க்ளினையே எடுத்துக்கொள்ளுங்கள். உழைப்பையும் சிக்கனத்தையும் உலகத்திற்குப் போதித்த அவர் தமது வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய பொன்மொழி ஒன்றும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் மனம் மாறி, 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கமொன்றுக்குத் தலைவரானார். 1790-ல், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், அடிமைத்தனத்தை ஒழிக்கவேண்டுமென்று அமெரிக்கப் பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் அனுப்பினார். அவரிடம் படிக்கவேண்டிய பாடம் பஞ்சாங்கத்தைக் காட்டிலும் இதில்தான் அதிகம் இருக்கிறது.

எனவே மூலை கேட்கிற தோழர்களுக்கு நமது பதில் இது. மூலையைத் தாராளமாய்த் தருகிறோம். ஒவ்வொரு பழமொழியின்கீழும் மூன்று கேள்விகளுக்குப் பதிலும் எழுதி அனுப்பவேண்டும். இது யார் சொன்னது? இதனால் லாபம் யாருக்கு? இது யார் காலில் கடிக்கிறது? இந்தச் சோதனைக்கு நின்றால் இங்கிலீஷானாலும், பிரஞ்சானாலும், தமிழானாலும் போடுவோம். நிற்காவிட்டால் எந்த மகான் சொன்னதானாலும் போடமாட்டோம்.

பள்ளிக்கூட உபாத்தியாயர்களையும் ஒன்று கேட்டுக்கொள்ளுகிறோம். சுவரில் எழுதியிருப்பதை அழிக்கக்கூட வேண்டாம். அதன் பக்கத்தில் "இது சரியா?" என்று மட்டும் எழுதிவையுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளுவார்கள்.